கூடவே வந்த குரல்

எங்கள் மாடியில் வாடகைக்கு இருந்த ஒரு அம்மா, இலவச ஆபீஸ் மென்பொருளைத் தமிழை வாசித்துச் சொல்லும் இணைப்போடு சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்தார். மருமகள் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது, "கூட வர்றதெல்லாம் நமக்கு எதுக்குங்க அத்தை?" என்று அந்த இணைப்புக்கான டிக்கை எடுக்கப் போனாள்.

"இருக்கட்டும்மா. பௌர்ணமிக்கு மலை சுத்த வர்றவங்களுக்குத் தயிர்சாதம் கட்டறப்போ ஊறுகாயை வேற தெருவுலயா வெக்கிறோம்?" என்றேன்.

நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன் என்பது அவளுக்குத் தெரியாது. கண்ணாடியைக் காணோம் என்று சொல்லியே இத்தனை வருஷம் கடிதங்களைப் பிறர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லி வந்தேன்.

மறுநாள் மத்தியானம் கம்ப்யூட்டர் முன்னால் தனியாக உட்கார்ந்து, வெளியூர் மகள் அதில் அனுப்பிய கடிதத்தைத் திறந்து, வாசிக்கச் சொல்லும் பொத்தானை அழுத்தினேன். ஜன்னலுக்கு வெளியே மலையை மேகம் மெல்ல மூடியது. முகமறியாத ஒருத்தி என் மகளின் வார்த்தைகளை நிதானமாகப் படித்தாள். மூன்றாம் முறையும் கேட்டேன். அவள் சலித்துக்கொள்ளவே இல்லை.