கறுப்பு ஸ்பீக்கருக்குச் சந்தனம் வைத்த கதை

காளிராஜ் செல்போனில் பேசினால் எதிர்முனையில் இருப்பவருக்குச் செல்போனே தேவையில்லை என்று இராஜபாளையத்தில் அவருடைய தெருக்காரர்கள் சொல்வார்கள். நூற்பு மில்லில் எலக்ட்ரீசியனாக இருந்தவர். நூல் சுற்றும் இயந்திரங்கள் வரிசையாக ஓடும் கொட்டகைக்குள் கத்தினால்தான் பேச்சு. வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அவர் தொண்டை மட்டும் ஷிஃப்டிலேயே இருந்தது.

ஓய்வு பெற்ற கையோடு மாடியில் ரெக்கார்டிங் ஸ்டுடியோ போட்டார். சொந்தக்காரர்கள் தேங்காய்க் கமிஷன் கடை வைக்கச் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. உள்ளறை பாடுகிறவருக்கு, வெளியறை தனக்கு என்று பிரித்துக்கொண்டார். எதிரொலி அடங்குவதற்காக, மில்லில் கழித்த பஞ்சை அரிசிச் சாக்குகளில் திணித்துச் சுவர் முழுக்க அடுக்கினார். பாடுகிறவரின் மூச்சு மைக்கில் மோதாமல் தடுக்க ஒரு திரை வேண்டும். சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியை எம்பிராய்டரி வளையத்தில் இழுத்துக் கட்டி மைக்குக்கு முன்னால் நிறுத்தினார். புதிதாக வருகிறவர்கள் மைக்குக்கு என்ன அடி என்று விசாரிப்பார்கள்.

ஆட்டோவில் கட்டிக்கொண்டு போகும் ஜவுளிக்கடை விளம்பரம், ஊர்ப் பொங்கல் அறிவிப்பு, பள்ளி ஆண்டுவிழாவுக்கு நடனப் பாட்டு. இவைதான் வரும் வேலைகள். எல்லாம் குழாய் ஸ்பீக்கரில் போடுவதற்கு. குழாயில் போட்டால் எதுவும் குழாய் மாதிரிதான் கேட்கும். ஆகையால் புகார் வந்ததில்லை.

முதல் புகார் எட்வினிடமிருந்து வந்தது. எட்வின் ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளி ஆசிரியர், சபையின் பாடகர் குழுவை நடத்துகிறவர். கிறிஸ்துமஸ் பாட்டுகளைக் காளிராஜிடம்தான் பதிவு செய்திருந்தார். ஒரு ஞாயிறு மதியம் பென்டிரைவோடு மாடியேறி வந்தார்.

"அண்ணாச்சி, தப்பா நினைக்கப்படாது. பாட்டு நல்லாருக்கு. ஆனா 'ஸ்தோத்திரம்'னு வர்ற எடமெல்லாம் கடுகு பொரியுது."

"கடுகா?"

"'இயேசுவே'ன்னா ஒரு கடுகு. 'ஸ்தோத்திரம்'னா ஒரு கை. மூணாவது பாட்டுல 'சர்வேஸ்வரா'ன்னு ஒரு அடி இருக்குல்லா, அதுல சட்டியே கவுந்துருது. அடுப்படியில வச்சா பாடுனீங்கன்னு எங்க பாதிரி ஐயர் கேக்காரு."

காளிராஜ் பாட்டைப் போட்டுக் கேட்டார். கடுகைக் காணோம். இன்னும் சத்தமாக வைத்துக் கேட்டார். கீழே அவர் மனைவி சீனியம்மாள் அடுக்களைக் கதவைச் சாத்தும் சத்தம்தான் வந்தது.

"சரி பண்ணிருவீங்கல்லா? இல்லன்னா மதுரைக்குக் குடுத்துருவோம்ங்காவ சபையில. நாந்தான் செத்த பொறுங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்."

எட்வின் போன பிறகு காளிராஜ் பாட்டை மறுபடி முதலிலிருந்து போட்டார். மக்கள் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்கும்படி அவர் செய்த முதல் வேலை அது. அதுவும் மதுரைக்குப் போய்விட்டால் மிஞ்சுவது ஜவுளிக்கடைத் தள்ளுபடி மட்டும்தான். யோசித்துக் கடைசியில் பழைய ஸ்பீக்கர் மேல் பழியைப் போட்டார். பழுது மிஷினில் இல்லாமல் மனுஷனில் இருக்கலாம் என்று எந்த எலக்ட்ரீசியனும் முதலில் நினைப்பதில்லை.

மறுநாளே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினார். அங்கே மாரிச்சாமி மைக்செட் வாடகைக்கு விடுகிறவர், விற்கவும் செய்வார், பழைய சிநேகிதர். அவரிடம் இரண்டு ஜோடி மானிட்டர் ஸ்பீக்கர் வந்திருந்தன. ஒன்று முழுக்கக் கறுப்பு. மற்றதன் கூம்பு மஞ்சள்.

"ஏலே காளி, வீட்டு ஸ்பீக்கர் இருக்கே, அது மாமியா மாதிரி. மருமகன்கிட்ட எல்லாத்தையும் இனிப்பாத்தான் சொல்லும். மானிட்டர் பொண்டாட்டி. உள்ளதச் சொல்லும்" என்றார் மாரிச்சாமி.

"ரெண்டு பொண்டாட்டில எது நல்லது?"

"அதக் கேக்குறதுக்கு நான் என்ன முருகனா? ரெண்டையும் கொண்டு போ. வச்சுக் கேட்டுட்டு வேண்டாததத் திருப்பிக் குடு. ஒரு கீறல், ஒரு கறை இருக்கப்படாது. சொல்லிட்டேன்."

ஆட்டோவில் நான்கு பெட்டிகளும் மடியில் குழந்தை போல வந்து சேர்ந்தன. அன்றிலிருந்து காளிராஜ் மாடியை விட்டு இறங்குவதே அபூர்வமாகிவிட்டது. கறுப்பில் ஒரு தடவை, மஞ்சளில் ஒரு தடவை. எட்வின் பாட்டு, ஜவுளிக்கடை, மறுபடி எட்வின். மாரிச்சாமி தினமும் போன் செய்தார்.

"என்னலே, முடிவாச்சா?"

"ரெண்டும் அச்சு அசல் ஒண்ணு போல இருக்குலே."

"ஏலே, அது வேற வேற கம்பெனி."

"அதான் எனக்கும் ஆச்சரியமா இருக்கு."

இதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. பெங்களூரில் இயர்போன் செய்யும் நிறுவனத்தில் ஒலிச் சோதனைப் பொறியாளராக இருக்கும் மகள் கார்த்திகா விடுமுறைக்கு ஊருக்கு வந்தாள். சீனியம்மாள் அரிவாள்மனையில் தொடங்கி தையல் மிஷின், சைக்கிள், மோட்டார் என்று ஏறிக்கொண்டே போய் மாடியை அடைந்தாள். மேஜை மேல் கறுப்பு ஜோடி இருந்தது. மஞ்சள் அப்போது பெட்டிக்குள். ஒவ்வொரு கறுப்பு ஸ்பீக்கரிலும் கீழே பெரிய வட்டம், மேலே நடுவில் புடைத்துக்கொண்டு ஒரு சின்னக் குமிழ். சந்தனம் வைக்க இதை விட அம்சமான நெற்றியை அவள் பார்த்ததில்லை. கட்டியாக ஒரு பொட்டு. அதன் மேல் குங்குமம். இரண்டுக்கும்.

அந்தக் குமிழுக்குப் பெயர் ட்வீட்டர். பாட்டில் உள்ள மெல்லிய, கூர்மையான ஒலியெல்லாம் அதன் வழியாகத்தான் வர வேண்டும். கைபடவே கூடாத பொருள்.

மறுநாள் காலை கார்த்திகா காபியோடு மாடிக்கு வந்தாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எட்வின் கம்பளிக்குள் படுத்துக்கொண்டு பாடுவது போலிருந்தது. அவள் ஸ்பீக்கரைப் பார்த்தாள். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

"அப்பா, இது எப்படிக் கேக்கு உங்களுக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. நேத்து மாதிரியேதான்."

மஞ்சள் ஜோடியை எடுத்து மாட்டினாள். கடுகு பொரிந்தது.

"இது?"

"அதேதான். அதத்தான நானும் ஒரு வாரமாச் சொல்லுதேன்."

கார்த்திகா காபியைக் கீழே வைத்தாள். லேப்டாப்பில் ஒரு ஒலியைத் திறந்தாள். அடிமட்டத்தில் ஆரம்பித்து மெல்ல மெல்ல உச்சிக்கு ஏறும் ஒற்றை ஒலி. "கேக்குற வரைக்கும் கையத் தூக்கி வச்சிருங்கப்பா" என்றாள்.

காளிராஜ் பள்ளிக்கூடப் பையன் போலக் கையைத் தூக்கினார். ஒலி ஏறியது. கை நின்றது. இன்னும் ஏறியது. கை இறங்கியது. "முடிஞ்சிருச்சா?" என்றார்.

ஒலி முடியவில்லை. ஏறிக்கொண்டே இருந்தது. கீழேயிருந்து சீனியம்மாளின் குரல் வந்தது. "ஏட்டி, அந்த எழவ நிறுத்து. காது கூசுது. பல்லெல்லாம் கூசுது."

காளிராஜ் மகளைப் பார்த்தார். அவள் ஒலியை நிறுத்தினாள். இறங்கிய கையை அவர் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மில்லுல நூல் நூக்குற ஃபிரேம் பக்கத்துல நிக்கும்போது காதுல பஞ்சு வைக்கச் சொல்லுவாவ," என்றார். "வச்சா பேரிங் தேஞ்சு போற சத்தம் கேக்காது. அதான் வைக்கல." அன்றைக்கு அவர் குரல் தெருவுக்குக் கேட்கவில்லை.

சாப்பிடும்போது முடிவைச் சொன்னார். "ரெண்டு ஜோடியையும் திருப்பிக் குடுத்துருவோம். ஸ்டுடியோவ மூடிருதேன். கேக்காதவனுக்கு எதுக்கு அது?" சீனியம்மாள் ரசம் ஊற்றினாள்.

சாயங்காலம் மாரிச்சாமி பெட்டிகளை எடுத்துப் போக வந்தார். மஞ்சளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வண்டியில் ஏற்றினார். கறுப்புக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார்.

"ஏலே, என்னதுலே இது?"

"பூஜை. அவ வச்சுட்டா. தொடச்சுத் தாரேன்."

"தொடச்சா போயிருமா? பொண்ணுக்குப் பூ வச்சு, பொட்டு வச்சு, வீட்டுல உக்கார வச்சுட்டு, இப்ப வந்து வேண்டாம்ங்கியா? இத இனிமே எவன்லே கட்டுவான்? உன் வீட்டுப் பொருள்லே இது. பணத்த மெதுவாக் குடு."

"எனக்குக் காதே கேக்கலியேலே."

"அதுக்கு ஸ்பீக்கர் என்ன பண்ணும்? உனக்குக் கேக்கலன்னா கேக்குறவளக் கூட வச்சுக்க. நாந்தான் அன்னைக்கே சொன்னேனே, மானிட்டர்னா பொண்டாட்டின்னு." மாரிச்சாமி படியிறங்கிப் போய்விட்டார்.

கார்த்திகா ஈரத் தூரிகையால் சந்தனத்தை அணு அணுவாக எடுத்தாள். குமிழ் பிழைத்துக்கொண்டது. சுற்றிலும் மஞ்சள் கறை மட்டும் நின்றது.

எட்வின் மறுபடி பாட வந்தார். சீனியம்மாள் ஒரு முறம் சின்ன வெங்காயத்தோடு மாடிப்படியின் மேல்படியில் உட்கார்ந்தாள். உள்ளறையில் எட்வின் பாட, வெளியறையில் கறுப்பு ஸ்பீக்கரில் பாட்டு வரும். வெங்காயம் உரிப்பதை நிறுத்தாமல், "கடுகு" என்பாள். காளிராஜ் எழுந்து உள்ளே போய் மைக்கை ஒரு விரல் அளவு திருப்பிவிட்டு வருவார். வாய்க்கு நேரே இல்லாமல் சற்று ஒதுங்கினால் 'ஸ' அடங்கும்.

"இப்ப?"

"இப்பவும்தான். ஆனா கொஞ்சம் போல."

"கொஞ்சம்னா எம்புட்டு?"

"தேங்காச் சட்னிக்குத் தாளிக்கிற அம்புட்டு."

"முந்தி?"

"முந்தி கல்யாண வீட்டுக்குல்லா தாளிச்சீய."

எட்வின் சிரித்து மூன்று தடவை பாட்டைக் கெடுத்தார். மாலைக்குள் கடுகு தீர்ந்தது. வெங்காயமும் தீர்ந்தது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஐயர் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வருஷம் தளவாய்புரத்திலிருந்தும் ஒரு குழு வந்தது. பாட்டு எடுக்கும் நாளில் அந்த வீட்டில் வெங்காயம் உரிப்பது வழக்கமாகிவிட்டது.

காளிராஜ் போன பங்குனியில் இறந்தார். எட்வின் பாட்டின் வெட்டாத பதிவு கணினியில் இருந்தது. காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு கார்த்திகா அதைக் கறுப்பு ஜோடியில் போட்டாள். மூன்றாவது பாட்டு நடுவில் நிற்கிறது. கதவு திறக்கிறது. மைக்கைத் திருப்பும் உரசல். தூரத்தில் சீனியம்மாள், "கடுகு." பிறகு மைக்குக்கு மிகப் பக்கத்தில், மில் கொட்டகையின் அந்தக் கோடிக்குக் கேட்கும்படி, "எங்கட்டி?"

கீழே அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. சீனியம்மாள் படியடிக்கு வந்தாள்.

"'சர்வேஸ்வரா'ல" என்றாள்.