அக்கா கொண்டுவந்த போல்ட்

எங்கள் வீட்டில் எனக்கு ஒரேயொரு உத்தியோகம் இருந்தது. அப்பா மோட்டார் சைக்கிள் திருத்தும்போது டோர்ச் பிடிப்பது. வெளிச்சம் பெரும்பாலும் அப்பாவின் கண்ணுக்குள்தான் போகும். "சைக்கிளுக்கு அடியடா, எனக்கு அடியாதை" என்பார். ஆனாலும் என்னை வேலையால் நிறுத்தியதில்லை. வேறு ஆள் இல்லை என்பதுதான் காரணம். நான் அதைத் திறமை என்று நினைத்திருந்தேன்.

லண்டனில், வால்தம்ஸ்டோவில் இருந்த காலம். பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்காக அப்பா வாங்கிய பழைய ஜப்பான் சைக்கிள் அது. பின்னால் இருப்பவர் கால் வைக்கிற கம்பி ஒரு பக்கம் கழன்று கிடந்தது. அதைப் பூட்ட எட்டு மில்லிமீட்டர் போல்ட் ஒன்று வேண்டும். அது பூட்டும்வரை பிள்ளையைப் பின்னால் ஏற்றக் கூடாது என்று அம்மா சட்டம் போட்டிருந்தா. எனக்கோ ஹெல்மெட்கூட வாங்கியாயிற்று. அதைப் போட்டுக்கொண்டுதான் டிவி பார்ப்பேன்.

ஒரு போல்ட்டுக்கு என்ன பஞ்சம் என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடத்தில் சென்டிமீட்டர் படிப்பித்துவிட்டு, வெளியே ரோட்டில் மைலும் கடையில் அங்குலமுமாக வைத்திருந்த நாடு இது. இரும்புச் சாமான் கடைக் கிழவர் மில்லிமீட்டர் என்றதும், நாங்கள் கடைக்குள் மீன் கொண்டுவந்துவிட்டதுபோல மூக்கைச் சுருக்கினார். பிறகு பதினாறில் ஐந்து அங்குலப் போல்ட் ஒன்றை நீட்டி, கிட்டத்தட்ட அதேதான் என்றார். அது இரண்டு சுற்று ஆசையாகப் போய், பிறகு இறுகி நின்றுவிட்டது. மோட்டார் சைக்கிள் கடைக்காரன் ஓடர் பண்ண வேண்டும், ஒரு மாதம் செல்லும் என்றான். லண்டனின் மறுமுனையில், டூட்டிங்கில் ஒருவரிடம் இருக்கிறதாம் என்று யாரோ சொல்ல, அங்கேயும் போனோம். அவரிடம் இடியப்ப உரல்தான் இருந்தது.

அந்த நேரம்தான் ஜெர்மனியிலிருந்து சித்தியும் அவவின் மகளும் வந்து இறங்கினார்கள். சித்தப்பாவுக்கு வேலை, வரவில்லை என்று அம்மா சொன்னா. மகள் என்னைவிட ஒரு வயது மூத்தவள் என்பதால் அக்கா என்று கூப்பிட வேண்டுமாம். என் கட்டில் அவளுக்குப் போனது. எனக்கு நிலத்தில் பாய். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். அடுத்த நாள் காலை அவள் ஒரு கோப்பி டின்னைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் வந்தாள். டின் நிறையப் போல்ட்.

"பெரியப்பா, இது எட்டு. இதுதானே வேணும்?"

"ஓம் பிள்ளை! உனக்கு உதெல்லாம் எப்பிடித் தெரியும்?"

"அப்பாவோட செய்யிறனான்."

சொல்லிவிட்டு டோர்ச்சை எடுத்தாள். வெளிச்சம் போய் ஓட்டையில் நின்றது, அசையவே இல்லை. அப்பா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. எனக்கு அவர் வெறும் அப்பா, அவளுக்கு மட்டும் பெரிய அப்பாவாம். இது எந்த ஊர் நியாயம்?

"அது ஜெர்மன் போல்ட் அப்பா, ஜப்பான் சைக்கிளுக்குச் சேராது" என்றேன். எனக்குத் தெரிந்த பூமிசாத்திரம் முழுவதையும் போட்டு யோசித்த வாதம் அது.

"வாயை மூடிக்கொண்டு அந்தத் துணியை எடு."

போல்ட் விரலாலேயே வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. ஜெர்மனியும் ஜப்பானும் எனக்கு எதிராகக் கூட்டுச் சேர்ந்துவிட்டன.

நான் ஓடிப்போய் ஹெல்மெட்டோடு வந்தேன். அப்பா அதைக் கழற்றி அவள் தலையில் போட்டார்.

"அக்கா முதல்."

"அப்பா, அது என்ர!"

"உனக்குப் பிறகு. கத்தாதை."

நான் மதிலில் ஏறி இருந்து, பெற்றோல் முடிய வேண்டும் என்று எல்லாத் தெய்வங்களையும் கும்பிட்டேன். மூலையில் திரும்பிய சைக்கிள் கனநேரம் வரவில்லை. வந்தபோது அவள் அப்பாவை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, அவர் முதுகில் சாய்ந்துகொண்டிருந்தாள். எஞ்சின் நின்றது. அவள் இறங்கவில்லை. அப்பாவும் அசையாமல் இருந்தார்.

"இறங்கச் சொல்லுங்கோவன்!"

"பொறடா."

அவ்வளவு மெதுவாக அப்பா பேசி நான் கேட்டதில்லை. வாசலுக்கு வந்த சித்தி எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி உள்ளே போனா. ஒருவழியாக அக்கா இறங்கி, என் முகத்தைப் பார்க்காமல் ஹெல்மெட்டைத் தந்தாள். பாவம், வெட்கம் வந்துவிட்டது, என் உரிமையைப் பறித்தவள்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

ஏறி உட்கார்ந்து அப்பாவைப் பிடித்தேன். ஜாக்கெட்டின் முதுகு ஈரமாக இருந்தது.

"அப்பா, அவ உங்கட ஜாக்கெட்டில மூக்கைத் துடைச்சுப்போட்டா!"

அப்பா எஞ்சினைக் கிளப்பினார். சித்தப்பா மாரடைப்பில் போய் மூன்று மாதமாகியிருந்தது. சின்னப்பிள்ளை பயப்படுவான் என்று என்னிடம் மட்டும் மறைத்திருந்தார்கள். அது தெரியாமல், மூச்சுவிடாமல் அடுத்ததையும் கேட்டேன்:

"சித்தப்பா எப்ப வந்து இவையைக் கூட்டிக்கொண்டு போவார்?"

அப்பா வேகத்தைக் கூட்டினார். எஞ்சின் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து, அவர் காதுக்குக் கிட்ட எட்டி, இன்னும் உரத்துக் கேட்டேன்.