நாகேஸ்வரன் மாமாவின் விரதம்

வலியசாலையில் எங்கள் தெருக் கல்யாணங்களில் நாகேஸ்வரன் மாமா எந்தப் பந்தியில் உட்காருகிறார் என்று சமையல்காரர் முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்வார். போளியைப் பால்பாயசத்தில் பிசைந்து அவர் இலையை வழிக்கிற அழகைப் பார்த்தால் சாப்பிட்டு எழுந்தவனுக்கே மறுபடி பசிக்கும். பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகு சீமந்தம், அறுபதாம் கல்யாணம் என்று ஒன்றையும் அவர் விட்டதில்லை. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. நன்றாகச் சாப்பிடுவது எங்கள் தெருவில் ஒரு கௌரவம்.

இரண்டாயிரத்து மூன்றில் அவருக்குச் சாப்பிட்டால் வயிறு வலிக்க ஆரம்பித்தது. சாப்பிட்டு அரைமணிக்குள் உள்ளே யாரோ ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி இருக்கும். சாப்பிடாவிட்டால் ஒன்றுமில்லை. வாயைத் திறந்து சொல்லியிருந்தால் அன்றே விஷயம் முடிந்திருக்கும். ஆனால் பந்திச் சிங்கம் வயிறு கேட்கவில்லை என்று எந்த முகத்தோடு சொல்லும்? ஒரு கல்யாண வீட்டில் இலைப் பக்கமே போகாமல் தூணோரம் நின்றவரிடம் பக்கத்து வீட்டு வாலாம்பாள் மாமி, "என்ன மாமா, இன்னிக்கு சஷ்டி விரதமா?" என்று கேட்டுவிட்டாள். மாமா ஒரு நொடி யோசித்து, "ஆமாம்" என்றார்.

அப்புறம் அதையே பிடித்துக்கொண்டார். ஏகாதசி, பிரதோஷம், சோமவாரம் எல்லாம் போக மிஞ்சிய நாட்களுக்குப் பஞ்சாங்கத்தில் நட்சத்திரம் தேடினார். உடம்பு இளைத்தது, முகத்தில் தேஜஸ் வந்துவிட்டது என்றது தெரு. வாலாம்பாள் மாமி பரீட்சை எழுதப் போகும் பேரனைக் கூட்டிவந்து நமஸ்காரம் பண்ண வைத்தாள். மாமாவும் கூசாமல் அட்சதை போட்டார். ஆசீர்வாதம் முடிந்த கையோடு கிள்ளிப்பாலம் வரை போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வந்தார். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

பயந்தவள் மகள் ஜானவிதான். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை அவளுக்கு. ஒருநாள் லீவு போட்டு அப்பாவை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்; மாமாவின் மனைவி சீதாலக்ஷ்மி மாமியும் கூடப் போனாள். வாய் வழியே குழாய் விட்டுப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். புண்ணும் இல்லை, கட்டியும் இல்லை. டாக்டர் எதைக் கேட்டாலும் மாமாவிடம் ஒரே பதில்: "நான் விரதக்காரன், டாக்டர். அதான் இளைச்சிருக்கேன்." டாக்டர் பாவம், மருந்து எழுதுவதா கும்பிடுவதா என்று முழித்தார்.

சீதாலக்ஷ்மி மாமிக்குப் பொறுக்கவில்லை. "விரதமும் இல்லை, மண்ணும் இல்லை. இவருக்குச் சோத்தைக் கண்டா பயம். ரெண்டு வாய் சாப்பிட்டார்னா அரைமணியில வயத்தைப் பிடிச்சுண்டு சுருண்டு படுத்துக்கறார். நான் பார்த்துண்டுதானே இருக்கேன்?"

"அய்யோ, இது ஆத்யமே பறயண்டே மாமா!" என்று, முதலிலேயே சொல்ல வேண்டாமா என்ற அர்த்தத்தில், டாக்டர் மலையாளத்தில் சத்தம் போட்டார். உடனே ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய், தொடங்குகிற இடத்திலேயே கொழுப்பு அடைத்து நூலாகச் சுருங்கியிருந்தது. சாப்பிட்டால் குடலுக்கு வேலை வருகிறது, வேலைக்கு ரத்தம் வேண்டும், கிடைக்காதபோது வலிக்கிறது.

"முழுக்க அடைஞ்சா குடல் அழுகிப்போகும். பின்னே நமக்கு ஒண்ணும் செய்யான் பற்றில்லா, செய்ய முடியாது," என்றார் டாக்டர். சிகரெட் உண்டா என்றும் கேட்டார். மாமா மின்விசிறியைப் பார்த்தார்.

வயிற்றைக் கிழிப்பார்கள் என்று நடுங்கினார் மாமா. கிழிக்கவில்லை. தொடையிடுக்கில் ஊசித்துளை போட்டு, ரத்தக்குழாய் வழியாகவே மெல்லிய குழாயைச் செலுத்தி, அடைத்த இடத்தில் பலூனை ஊதி, வலை போல் பின்னிய சின்ன உலோகக் குழல் ஒன்றை விரித்து நிறுத்தினார்கள். அதுதான் ஸ்டென்ட். இருதயத்துக்கு வைப்பதைத்தான் தெரு கேள்விப்பட்டிருந்தது. மாமாவுக்கு இருதயமே வயிற்றில்தானே இருக்கிறது என்றேன். வாலாம்பாள் மாமி என்னை முறைத்தாள்.

வீட்டுக்கு வந்த அன்று மத்தியானம் மாமி குழைய வடித்த சாதத்தில் ரசம் விட்டுப் பிசைந்து கொடுத்தாள். மாமா கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டு, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு வலிக்காகக் காத்திருந்தார். அரைமணி ஆயிற்று. ஒரு மணியும் ஆயிற்று. வலி வரவில்லை.

"சீதா, இன்னும் கொஞ்சம் போடேன்."

மாமி போட்டாள். "ராத்திரிக்கு ஏதாவது தாளிச்சுப் பண்ணட்டுமா? நானும் சாப்பிடுவேன்," என்றாள்.

"ஏன், நீ ராத்திரி சாப்பிடறதில்லையா?"

"நீங்க பட்டினி கிடக்கறச்சே நேக்கு மட்டும் இறங்குமா? போறாக்குறைக்கு, விரதக்காரர் ஆத்துலேர்ந்து தாளிக்கற வாசனை வந்தா வாலாம்பாள் எட்டிப் பார்க்கமாட்டாளா? ஒரு வருஷமா மோரைக் குடிச்சுட்டுப் படுத்துக்கறேன்னா."

மாமா அப்போதுதான் அவள் கையைப் பார்த்தார். வளையல் முழங்கை வரை ஏறியது. தன் இளைப்பைத் தெரு கொண்டாடியபோது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தவர், கூடவே இன்னொரு உடம்பும் இளைத்ததைக் கவனிக்கவே இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. கண் நிறைந்துவிட்டது. எழுந்து கையை அலம்பிக்கொண்டு வந்து, இன்னொரு தட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கரண்டியைத் தொட்டறியாத மனிதர், சாதத்தைப் பாதி தரையில் சிந்தியபடி போட்டார்.

"போறும்னா, போறும்," என்றாள் மாமி.

"எங்கே போறும்? நீ பேசாம சாப்பிடு," என்று மாமா இன்னொரு கரண்டி போட்டார்.