ஊர் சுற்றிய ஜாக்கெட் பிட்டுகள்

கந்தர்வக்கோட்டை கடைத்தெருவில் நான் தையல் கடை போட்டபோது, என் கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். மகளுக்கு முழுப்பரீட்சை முடிவதற்குள் கடை நிலைக்க வேண்டும், இல்லாவிட்டால் நானும் மகளும் மூட்டை கட்டிக்கொண்டு அங்கேயே போய்விட வேண்டும் என்பது பேச்சு. திருப்பூரின் அந்த ஒற்றை அறையில் ஏழு வருஷம் இருந்தவள் நான். திரும்பிப் போவதை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டியது.

முதலில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டேன். எல்லாரும் பார்த்தார்கள், கைகூப்பும் பொம்மை அனுப்பினார்கள், அதோடு சரி. பேப்பருக்குள் நோட்டீஸ் வைத்து விட்டதில், பக்கத்து டீக்கடைக்காரருக்கு வடை மடிக்கத் தாள் கிடைத்தது. அப்புறம்தான் எனக்கு அந்த மகா யோசனை வந்தது. மொத்தக் கடையில் மலிவாக ஜாக்கெட் பிட்டு வாங்கி, ‘இந்தத் துணியைக் கொண்டுவந்தால் தையல் கூலி கிடையாது’ என்று அச்சடித்த கார்டை ஒவ்வொன்றிலும் பின் அடித்து, சொந்தக்காரர், தெருக்காரர் என்று வீடு வீடாகப் போய் வெற்றிலை பாக்கோடு கொடுத்தேன். ஒரு தடவை தைத்துப் போட்டுப் பார்த்தால் விடமாட்டார்கள் என்று கணக்கு.

ஒருத்தியும் வரவில்லை. மாசி போய் பங்குனி பிறந்தது. ஒருநாள் கணவரின் அக்கா கடைக்கு வந்து உட்கார்ந்திருந்தபோது, மனசு கேட்காமல் அவருக்குக் கொடுத்த பிட்டு என்னாயிற்று என்று கேட்டேவிட்டேன்.

“அதையா? ஆவூர்ல ஒரு வளைகாப்புக்குப் போனேன்ல, அங்க வச்சுக் குடுத்துட்டேன். வச்சுக் குடுத்த பிட்டை யாராச்சும் வெட்டித் தைப்பாங்களா?”

எனக்குச் சுருக்கென்றது. என் பீரோவிலும் ஒரு கட்டுப் பிட்டு கிடக்கிறது. யாரோ வைத்துக் கொடுத்ததை இன்னொருத்திக்கு வைத்துக் கொடுக்கத்தான் நானும் எடுப்பேன். தையல்காரியாகவே இருந்தும் அதில் ஒன்றைக்கூட நான் தைத்ததில்லை. அப்படியிருக்க, ஊரார் மட்டும் தைப்பார்கள் என்று எந்தப் புத்தியில் நினைத்தேனோ.

தவக்காலம் முடிய இருந்த சமயம், ஆவூரிலிருந்து ஒரு டீச்சரம்மா பஸ் பிடித்து வந்து இறங்கினார். கையில் கிளிப்பச்சைப் பிட்டு. கார்டில் பின் துருவேறியிருந்தது. இரண்டு மூன்று வீடு மாறி அவரிடம் வந்திருக்கிறது. ஈஸ்டர் கழிந்ததும் அவர் மகளுக்குக் கல்யாணம். தவக்காலத்தில் கிறிஸ்தவர்கள் கல்யாணம் வைக்க மாட்டார்கள் என்பதால் எல்லாக் கல்யாணமும் அதற்குப் பின்னால் வந்து குவிந்து, அந்தப் பக்கத்துத் தையல்காரர்கள் யாருக்கும் கை ஒழியவில்லையாம். கார்டில் சொன்னபடி கூலி வாங்காமல் தைத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, மறுவாரம் கல்யாண வீட்டுத் துணி முழுக்க ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் வந்தார்கள். மீமிசலில் இருந்துகூட ஒரு அம்மா ரோஸ் பிட்டோடு வந்து நின்றார். தெருவுக்குள் செல்லாத என் கார்டு, சீர்த்தட்டில் ஏறி ஜில்லா முழுக்கப் போயிருந்தது. பஸ் செலவுகூட எனக்கு இல்லை.

மகளுக்குக் கடைசிப் பரீட்சை அன்று எங்களை அழைத்துப்போகக் கணவர் வந்தார். ஆர்டர் வருகிறது என்று நான் போனில் சொன்னதையெல்லாம், வராமல் இருக்கச் சொல்லும் சாக்கு என்றே நினைத்திருந்தார். கடைவாசல் திரையை விலக்கப் போனவரை உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் தடுத்தது. “அளவெடுக்குறாங்கண்ணே, அங்கிட்டு நில்லுங்க.”

வெயிலில் நின்றார். ஒருத்தி வெளியே வர, பெஞ்சில் இருந்த அடுத்தவள் எழுந்து உள்ளே வந்தாள். நானும் அவசரப்படவில்லை, பொய் சொல்வானேன். கூட்டம் ஓய்ந்து உள்ளே வந்தவர், குவிந்து கிடந்த துணிகளை ஒதுக்கி உட்கார இடம் தேடினார்.

“அப்ப நாந்தான் இங்கிட்டு வரணும் போல,” என்றார்.