பிரதான சுவிட்ச்

அப்பா தவக்காலத்தில் இறந்தார். பிரான்சில் இருக்கும் அண்ணா வரவில்லை. வருவதற்கு அவரிடம் விசாவும் இல்லை, மனமும் இல்லை என்று சொந்தக்காரர்கள் செத்தவீட்டிலேயே பேசிக்கொண்டார்கள். அப்பா மீன்பிடிக்கப் போய்க் கடலில் நின்ற ஒரு நாளில் சொல்லாமல் கொள்ளாமல் நாட்டைவிட்டுப் போனவர் அண்ணா. அன்று கரைக்கு வந்த அப்பா, பிறகு சாகும்வரை அவரோடு பேசவில்லை. அவரும் பேசவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே வீம்பு.

அப்பாவின் குரல் என்னுடைய போனில் இருந்தது. நான் மன்னார் டவுனில் கந்தோர் வேலை முடிந்து வரும்போது வாங்கிவர வேண்டியதை வாட்ஸப்பில் பேசி அனுப்புவார். பாண், பனடோல், வலை பொத்த நூல். அப்படி ஒன்றின் கடைசியில், "பிள்ளை, அவன் நேரத்துக்குச் சாப்பிடுறானாமோ? நான் கேட்டனான் எண்டு சொல்லிப்போடாதை" என்கிறார். நானும் அண்ணாவிடம் சொல்லவில்லை. அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அடக்கம் முடிந்த கையோடு அதை அண்ணாவுக்கு அனுப்பினேன். அவர் கேட்டுப்பார்க்காமலே பதில் எழுதினார்: "அப்பான்ர குரலை எனக்கு அனுப்பாதை."

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. யாருக்கும் தெரியாமல் அவர் போய்க் கேட்கக்கூடிய இடத்தில் அதை வைக்க வேண்டும். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அச்சடிப்போம். அதை அவருக்கும் தபாலில் அனுப்புவோம். கடைசிப் பக்கத்தில் ஓர் இணையத்தள விலாசம் இருந்தால் போதும்.

கந்தோரில் நான் வெறும் எழுதுவினைஞர். சேர்வர் என்றால் கதவு பூட்டிய குளிர் அறைக்குள் இருப்பது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. யூடியூப்பைப் பார்த்துத்தான் படித்தேன். சிங்கப்பூரில் எங்கோ இருக்கும் பெரிய கணினியில் ஒரு பங்கைப் பிரித்து நமக்கென்று தருகிறார்கள். அதற்குப் பெயர் வெர்ச்சுவல் மெஷின். அதை மன்னாரில் இருந்தபடி நிறுத்தலாம், ஓட்டலாம். மூன்று நாளாக என் பக்கம் திறக்க மறுத்தது. நூறு தரம் கட்டளைகளை அழித்து எழுதினேன். கடைசியில் பார்த்தால், வெளியாட்கள் உள்ளே வருவதற்கான எண்பதாம் இலக்க வாசலை நான் திறந்துவிடவே இல்லை. என் மடைத்தனத்துக்கு வாய்விட்டுச் சிரித்தேன். அப்பா போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

விலாசத்துக்கு ஒரு பெயர் வாங்க வேண்டும் என்று தெரியாது. மெஷினுக்குக் கிடைத்த இலக்கங்களையே அச்சகத்தில் கொடுத்தேன்.

"தங்கச்சி, இதென்ன போன் நம்பரோ? நடுவில புள்ளி புள்ளியாக் கிடக்கு," என்றார் அச்சகக்காரர்.

"இல்லை அண்ணை, இது விலாசம். ஒரு இலக்கமும் மாறக்கூடாது."

அவர் ஒன்றையும் மாற்றவில்லை.

யார் எப்போது வந்து எதைத் திறந்தார்கள் என்று சேர்வர் தானாகவே ஒரு பதிவு எழுதி வைக்கும். அதில் முக்கால்வாசி, எங்கெங்கோ இருந்து வந்து பூட்டை ஆட்டிப் பார்க்கும் கள்ளர்கள். நினைவு மலர் போய்ச் சேர்ந்த கிழமையில் பிரான்சிலிருந்து ஒரு வரி விழுந்தது. அங்கே எங்களுக்கு அண்ணாவைத் தவிர வேறு யாரும் இல்லை. அடுத்த நாளும் வந்தது, அதற்கடுத்த நாளும் வந்தது. எப்போதும் நம் நேரம் காலை ஒன்பதரை, அங்கே விடியற்காலை ஆறு. நான் போட்டிருந்த குரல்களில் அவர் திறந்தது, சாப்பாட்டைப் பற்றிக் கேட்ட அந்த ஒன்றை மட்டும். இரவு வேலை முடிந்து அறைக்கு வந்துவிட்டார் என்று விளங்கும். கந்தோரில் தேநீர் வருவதற்கு முன் அந்த வரியைப் பார்த்தால்தான் எனக்கு வேலை ஓடும். யாரிடமும் சொல்லவில்லை.

ஆவணியில் மடு மாதா கோயில் திருநாளுக்குப் போனோம். மன்னார்த் தீவிலிருந்து பாலம் தாண்டிப் போய் அங்கே கூடாரம் அடித்து ஒரு கிழமை இருப்பது வழக்கம். வீட்டில் ஆளில்லாத நேரத்தில் ஒன்றும் ஓடக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். காஸை மூடி, குழாயை இறுக்கி, பிரதான சுவிட்சை அவர் கையாலேயே இறக்குவார். அந்த வருடம் நான் இறக்கினேன். இறக்கிவிட்டு, வாசல் படலையில் எங்களை ஏற்றிப்போக வந்த வான் காத்து நிற்க, போனை எடுத்துச் சிங்கப்பூர் மெஷினையும் நிறுத்தினேன். ஒரு வேலையைச் சரியாகச் செய்த திருப்தி கூட இருந்தது.

திரும்பி வந்ததும் மெஷினை மறுபடி ஓட்டினேன். போன் திரையில் பச்சை விளக்கு எரிந்தது. அண்ணாவின் வரி மட்டும் விழவில்லை. காய்ச்சலோ, வேலை மாறிவிட்டாரோ என்று நாலு நாள் கிடந்து தவித்தேன். பிறகு நினைவு மலரை எடுத்து, அதிலிருந்த இலக்கங்களைத் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் திறக்கவில்லை. நிறுத்தி ஓட்டினால் இலக்கம் மாறிவிடுமாம். பழையது வேறு யாருக்கோ போய்விட்டது.

அண்ணாவுக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணா, அப்பான்ர பக்கத்தின்ர விலாசம் மாறிப்போச்சு. புதுசை அனுப்பிறன்."

"எந்தப் பக்கம்?"

அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்கவில்லை.

"நீங்கள் ஒவ்வொரு நாளும் காலமை கேட்டனீங்கள்தானே. இப்ப கொஞ்ச நாளாக் காணேல்லை, அதுதான்…"



"நீ பாத்துக்கொண்டே இருந்தனி?"

"ஓம்."

"நீங்கள் எல்லாருமாச் சேர்ந்து மூடிப்போட்டியள் எண்டு நினைச்சன்," என்றார். "சரி, வை."

புதிய விலாசத்தை அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்பதற்கான நீலக் கோடுகள் விழுந்தன. அவ்வளவுதான்.

இந்த ஆவணியிலும் மடுவுக்குப் போனோம். பிரதான சுவிட்சை இறக்கினேன், மெஷினைத் தொடவில்லை. கந்தோரில் இப்போதும் ஒன்பதரைக்குப் பதிவைத் திறக்கிறேன். பூட்டை ஆட்டுகிறவர்கள் ஒரு நாளும் தவறாமல் வருகிறார்கள். பிரான்சிலிருந்து ஒரு வரியும் இல்லை. அண்ணா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா என்று எனக்கும் இப்போது தெரியாது.