ஊறிய கிண்ணங்கள்

மெழுகுவத்தியின் மேல்பரப்பு குழி விழாமல் வர வேண்டுமானால் மெழுகை இரண்டு முறை ஊற்ற வேண்டும். முதல் முறை எழுபது டிகிரிச் சூட்டில். ஆறும்போது மெழுகு சுருங்கும். திரியைச் சுற்றி உள்ளே பள்ளம் விழும். மேலே ஆடை கட்டியதும் ஊசியால் நான்கைந்து இடங்களில் குத்திவிட்டு, சற்றே கூடுதல் சூட்டில் இரண்டாம் முறை ஊற்றினால் பள்ளம் நிரம்பிவிடும். கடைசியில் தலைமுடி காயவைக்கும் டிரையரை ஒரு சுற்று காட்டினால் போதும். அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நான்கு வருடமாக இதைச் செய்கிறேன். சூடு, நேரம், வந்த குறை எல்லாவற்றையும் அன்றன்றே நோட்டில் எழுதிவிடுவேன்.

செங்கம் சாலையில் உள்ள ஒரு தியான விடுதியிலிருந்து, ஒரு பௌர்ணமிக்காகப் பதினெட்டு கேட்டார்கள். கண்ணாடி வேண்டாம், மண் கிண்ணத்தில்தான் வேண்டும் என்றார்கள். விடுதியை நடத்துகிற பெண் என்னைவிடப் பத்து வயது சின்னவள்.

"அக்கா, மேல வழவழன்னு இருக்கணும். மௌன விரதம் முடியிற அன்னைக்கு ஆளுக்கு ஒண்ணு கையில ஏந்திக்கிட்டு, கண்ணை மூடி ஒரு மணி நேரம் உக்காருவாங்க. குண்டும் குழியுமா இருக்க அது என்ன நம்ம ஊரு ரோடா?"

முதலில் செய்து பார்த்த இரண்டிலும் மண் மெழுகைக் குடித்து, ஓரம் இறங்கிவிட்டது. கார்த்திகைக்குப் புது அகல் வாங்கினால் எண்ணெயைக் குடிக்காமல் இருக்க ஓர் இரவு தண்ணீரில் ஊறவைப்போம். அதையே இதற்கும் செய்தேன். கேட்ட பதினெட்டோடு கைக்கு உபரியாக ஒன்று சேர்த்து, பத்தொன்பது கிண்ணங்களையும் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் துடைத்து மாடியில் கவிழ்த்தேன். வெயில் இல்லை. இரண்டு மணி நேரத்தில், கைக்கு ஈரம் தெரியாததால் எடுத்துவிட்டேன்.

முதல் மூன்றில் ஊசி குத்தியதும் குமிழ்கள் மேலே வந்தன. அம்மைத் தழும்பு போல் பரப்பெல்லாம் புள்ளிகள். காற்று என்று நோட்டில் எழுதினேன். அந்த மூன்றையும் மேலே உருக்கி மூடினேன். மீதிப் பதினாறில் ஊசி குத்தவே இல்லை. இரண்டாம் முறை ஊற்றி டிரையர் காட்டியபோது, கூரையிலிருந்த டியூப்லைட் ஒவ்வொரு கிண்ணத்திலும் வளையாத கோடாக விழுந்தது. அவ்வளவு சுத்தமாக அதற்கு முன் வந்ததில்லை.

பௌர்ணமி அன்று காலை, கிரிவலத்துக்காகச் சாலையை அடைப்பதற்கு முன்பே என் கணவர் பதினெட்டையும் வண்டியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

மாலை நான்கு இருபதுக்கு, சமையல் மேடையில் மிஞ்சியிருந்த பத்தொன்பதாவதை எடுத்தேன். அது இருந்த இடத்தில் வட்டமாக ஈரம். கத்தியால் கீறிப் பார்த்தேன். திரிக்குப் பக்கத்தில் புளியங்கொட்டை அளவு பொந்து. அதிலிருந்து தண்ணீர் கத்தி வழியாக என் விரலுக்கு இறங்கியது. அன்று குமிழாக வந்தது காற்றல்ல, கிண்ணம் குடித்த தண்ணீர்; ஊசி குத்தாததில் அது உள்ளேயே தங்கிவிட்டது.

கொதிக்கிற எண்ணெயில் ஈரக் கரண்டியை விட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். உருகிய மெழுகும் அப்படித்தான். பதினெட்டுப் பேர் கண்களை மூடி, அதை முகத்துக்கு நேரே ஏந்தப் போகிறார்கள். ஆறு மணிக்கு.

விடுதிக்குப் போன் அடித்தேன். அணைத்து வைத்திருந்தார்கள். மௌனம்.

"வண்டியை எடுங்க."

"எங்க எடுக்கறது? தெரு முனையிலயே கட்டை போட்டிருக்கான். மெழுகுவத்திக்கா இம்மாம் பதட்டம்?" என்றார் கணவர். கத்தியைக் காட்டினேன். வாசலுக்குப் போய்க் கதவைத் திறந்துவிட்டார். அவருக்கு மூட்டு வலி. நான் மட்டும் கிளம்பினேன்.

பௌர்ணமிக் கூட்டம் மலையை வலமாகத்தான் சுற்றும். விடுதிக்குப் போக நான் அத்தனை பேருக்கும் எதிரே நடக்க வேண்டும். தோள்கள் இடித்தன. ஒருத்தி சிரித்துக்கொண்டே, "ஏம்மா, ரிவர்ஸ்ல போறியே, சேர்த்த புண்ணியமும் கழண்டுக்கும்!" என்றாள். ஒரு பெரியவர் உண்மையாகவே முகம் சுளித்து ஒதுங்கினார். ஓட இடமில்லை. ஆறு மணிக்கு நான் இன்னும் சாலையில்தான் இருந்தேன்.

விடுதிக் கூடத்தில் நுழைந்தபோது ஆறு இருபத்தைந்து. பதினெட்டுச் சுடர்கள், பதினெட்டு ஜோடி மூடிய கண்கள். சட் என்று ஒரு சத்தம். கதவோரம் இருந்த பெண்ணின் புறங்கையில் ஏற்கெனவே மூன்று வெள்ளைத் துளிகள் உறைந்திருந்தன. சுட்டிருக்கும். அவள் அசையவில்லை. விரதத்தின் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ.

எரிகிற விளக்கை வாயால் ஊத எனக்கு மனம் வரவில்லை. தண்ணீரும் ஆகாது. குடிநீர்ப் பானை மேலிருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்து, ஒவ்வொரு சுடராகக் கவிழ்த்து மூடிக்கொண்டே போனேன். கண்கள் திறந்தன. விடுதிக்காரப் பெண் எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். "தண்ணி இருக்கு உள்ள, தெறிக்கும்" என்றேன். பிடியை விட்டாள்.

பதினேழு அணைந்தன. கடைசி வரிசையில், சுவரோரம் இருந்தவருக்கு அறுபது வயதிருக்கும். டம்ளரைத் தன் கையால் தடுத்தார். பல நாள் பேசாத தொண்டை கரகரத்தது.

"இதை மட்டும் விட்டுடும்மா. ஆறு மணிக்கு ஆபரேஷன்னு சொல்லியிருந்தாங்க, என் பொண்ணை இப்பதான் உள்ள கூட்டிட்டுப் போயிருப்பாங்க."

"ஐயா, மூஞ்சியில தெறிக்குங்க."

"தெறிக்கட்டும். இது அணையக் கூடாது."

என்னால் மூட முடியவில்லை. கிண்ணத்தை அவர் கையிலிருந்து வாங்கித் தரையில் வைத்தேன். அவர் முகத்துக்கும் சுடருக்கும் நடுவே என் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நல்ல மெழுகாக இருந்தால் உருகிய குளம் மெதுவாக, வட்டமாக விரியும். இதுவும் அப்படித்தான் விரிந்தது. கீழே எங்கே பொந்து இருக்கிறது என்று மேலிருந்து தெரியவே இல்லை. மற்றவர்கள் சுவரோடு சேர்ந்து நின்றார்கள். ஊசி குத்திய மூன்றில் இது ஒன்றாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

சட். என் மணிக்கட்டில் விழுந்தது. மறுபடியும். சுடர் சாய்ந்து நீலமாகி, திரியின் அடியில் சுருண்டு, தானாகவே அணைந்தது.

அவர் என்னைப் பார்க்கவில்லை, புகையைப் பார்த்தார். பிறகு எழுந்து, அலமாரியில் வைத்திருந்த போன்களில் தன்னுடையதைத் தேடி எடுத்தார். அது உயிர் பெற நேரமானது. வராந்தாவில் முதுகைக் காட்டி நின்று அழைத்தார். மணி அடிப்பது எனக்கே கேட்டது. கடைசி வரை அடித்து நின்றது. அவர் மறுபடியும் அழைத்தார்.