கடைசி நான்கு நொடிகள்

சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். வாடிக்கையாளர் கொண்டுவரும் படத்தைக் கம்ப்யூட்டரில் திருத்தி, எழுத்தைச் சீராக்கி, அச்சுக்குத் தயார் செய்து கொடுப்பது என் பொறுப்பு. சங்குசக்கரப் பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்று ஒருவர் வருவார். கையில் மாதிரிக்கு ஒரு பழைய பெட்டி இருக்கும், அதுவும் நசுங்கி, எழுத்தெல்லாம் அரைகுறையாக அழிந்திருக்கும். அது எந்த எழுத்து வடிவம் என்று தேடிப் பிடித்து, புதிதாகக் கோத்து, அன்றைக்குத்தான் பிறந்ததுபோல் ஆக்கிக் கொடுப்பேன். வந்ததை வந்தபடி அடித்துக் கொடுக்க ஜெராக்ஸ் கடை போதாதா என்று எங்கள் முதலாளி கேட்பார். பதினாறு வருஷமாக இதையே கேட்டு வளர்ந்ததால், மங்கலாக எதையாவது கண்டால் என் கை சும்மா இருப்பதில்லை.

என் மனைவிக்குச் சாத்தூர். ஒரு லாரி பார்சல் ஆபீஸில் புக்கிங் எழுதுகிறாள். லாரி வரும்வரை பொழுது போக வேண்டுமே என்று போனில் ஒரு சின்ன விளையாட்டைத் தொடங்கினாள். ஒரு நரிக்குட்டி ஒன்பது கட்டங்களைத் தாண்டி ஓட வேண்டும், அவ்வளவுதான். முதலில் நான் கேலிதான் செய்தேன். போனில் ஆடியது போதாமல் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆடத் தொடங்கி, நரி எங்கே காலூன்றினால் அரை நொடி மிச்சம் என்று ஒரு நோட்டில் குறித்து வைக்கவும் ஆரம்பித்தபோது கேலியை நிறுத்திக்கொண்டேன்.

அந்த விளையாட்டை மிக விரைவாக முடித்தவர்களுக்கென்று இணையத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் தங்கள் நேரத்தை அனுப்புவார்கள். வெறும் வாய்வார்த்தைக்கு அங்கே மதிப்பில்லை. ஆடியதை முதலிலிருந்து கடைசிவரை வீடியோவாகப் பதிந்து, மூலையில் ஓடும் கடிகாரம் தெரியும்படி ஏற்ற வேண்டும். அதைச் சரிபார்க்க ஒருவர் இருக்கிறார், எந்த நாட்டுக்காரரோ. அவர் ஒப்புக்கொண்டால் பட்டியலில் இடம்.

அதில் ஏறிவிட வேண்டும் என்பது அவளுக்கு வெறியாகவே ஆகிவிட்டது. எதற்கு இந்தப் பாடு என்று ஒருமுறை கேட்டேன்.

"ரேஷன் கார்டுல பேரு இருக்கு, ஓட்டர் லிஸ்ட்ல பேரு இருக்கு. ரெண்டும் நான் ஒண்ணும் செய்யாமலே வந்தது. நானாச் செஞ்சு வாங்கினதா ஒண்ணு வேணும்ல" என்றாள்.

பட்டியலுக்கென்று 'சாத்தூர் வெள்ளரி' என்று ஒரு பெயரும் வைத்துக்கொண்டாள். விளையாட வேண்டியது அவள், வீடியோ பதிந்து ஏற்ற வேண்டியது நான் என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம்.

பதிவது எளிதாக இருந்தது. ஆனால் பன்னிரண்டு நிமிஷத்துக்கும் குறைவான ஓட்டம் டிஸ்க்கில் அடைத்த இடத்தைப் பார்த்து மலைத்துப் போனேன். எங்கள் தெரு இணைய வேகத்துக்கு அதை ஏற்ற இரண்டு நாளாகும், நடுவே கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. சுருக்கித்தான் ஆக வேண்டும். சுருக்கினால் படம் ஏன் சில இடங்களில் தெளிவாகவும் சில இடங்களில் கட்டம் கட்டமாகவும் வருகிறது என்பது எனக்குப் பிடிபடவில்லை. அச்சகத்திலிருந்து லென்ஸைக் கொண்டுவந்து மானிட்டர் மேலேயே வைத்துப் பார்த்தேன். அச்சில் புள்ளி எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்கிற பூதக்கண்ணாடி அது. தாளில் நீலம், ரோஸ், மஞ்சள், கறுப்பு என்று பொட்டுப் பொட்டாகத் தெரியும். திரையிலோ சிவப்பும் பச்சையும் நீலமுமாகக் குச்சி குச்சியாக நின்றன. பார்க்க ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் கட்டம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு அதில் பதில் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியில் சோதனை வைத்தோம். போனை ஸ்டூலில் நிறுத்திக் காம்பவுண்டுச் சுவரை ஒரு நிமிஷம் எடுத்தோம். காற்றில் ஆடும் வேப்பமரத்தை ஒரு நிமிஷம். பொழுது சாயும் நேரத்தில் கம்பி மத்தாப்பை ஒன்று மாற்றி ஒன்று கொளுத்தி ஒரு நிமிஷம். மூன்றையும் ஒரே தெளிவு இருக்கும்படி சுருக்கினேன். சுவர் கடுகளவாகிவிட்டது. வேப்பமரம் அதைப்போலப் பல மடங்கு. மத்தாப்பு மட்டும் சுருங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. தேடிப் படித்ததில் விஷயம் புரிந்தது. வீடியோ ஒவ்வொரு படத்தையும் முழுதாகச் சேமிப்பதில்லை, முந்தின படத்திலிருந்து எது மாறியதோ அதை மட்டும்தான் குறித்துவைக்கிறது. நான் இதை நீட்டி முழக்கி விளக்கிக்கொண்டிருக்கும்போது அவள் பாதியிலேயே பிடித்துக்கொண்டாள். பார்சல் ரிஜிஸ்டரில் ஒரே ஊருக்குப் போகும் பெட்டிகளுக்கு ஊர்ப் பெயரைத் திரும்ப எழுதாமல் கீழே 'மேற்படி, மேற்படி' என்று போட்டுக்கொண்டே போவார்களாம், அதேதானே என்றாள். அதேதான். சுவருக்கு மேற்படி போடலாம், பொறிக்குப் போட முடியாது. ஒவ்வொரு பொறியும் வேறு. வீடியோவுக்குக் கட்டுப்படாத சரக்கையே ஊர் முழுக்கச் செய்து விற்கிறோம் என்று நினைத்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவளுடைய விளையாட்டின் ஒன்பதாவது கட்டத்தில் வானத்திலிருந்து பொறி மழையாகக் கொட்டும். நரி அதற்குள்தான் ஓடி முடிக்க வேண்டும். வம்பு அங்கேதான் காத்திருந்தது.

ஆனிக் கடைசியில் ஒரு ஞாயிறு பிற்பகல், மூன்று மணி இருக்கும், அவள் அதைச் செய்து முடித்தாள். நான் பக்கத்தில் நின்றேன். ஏழாவது கட்டத்தில் எப்போதும் தவறும் ஒரு தாவலில் அன்றைக்கு நரி பிசகவில்லை. கடிகாரம் பதினொரு நிமிஷம் நாற்பத்திரண்டு நொடியில் நின்றது. அப்போது பட்டியலில் மூன்றாம் இடத்தில் இருந்தவருக்குப் பதினொன்று நாற்பத்து நான்கு. அவள் நாற்காலியிலிருந்து எழுந்து, அடுக்களைக்குப் போய் ஒரு செம்புத் தண்ணீரை முழுவதும் குடித்துவிட்டு வந்தாள்.

இனி என் வேலை. அச்சுக்குப் போகும் படத்தை நாங்கள் கொஞ்சம் தூக்கலாகவே வைப்போம். தாள் மையை உறிஞ்சிப் படத்தை மழுங்கடித்துவிடும் என்பதால் முன்கூட்டியே விளிம்பைக் கூர்மையாக்கி, நிறத்தையும் ஒரு பிடி ஏற்றிவிடுவோம். அதே பழக்கத்தில் வீடியோவையும் கூராக்கி, நிறம் ஏற்றிச் சுருக்கினேன். திரை மை உறிஞ்சாது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும், ஆனால் கைக்குத் தெரியவில்லை. கூராக்கியதில் ஒவ்வொரு பொறியும் இன்னும் பளிச்சென்று ஆகி, சுருக்குகிற மென்பொருளுக்கு இன்னும் சுமையாகிப்போனது. கடைசி நான்கு நொடிகளில் பொறி மழையோடு மூலையிலிருந்த கடிகாரமும் கட்டம் கட்டமாகக் கரைந்தது. நான்கா ஒன்பதா என்று அடையாளம் தெரியவில்லை.

அப்போது நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. மூலப் பதிவை எடுத்து, கூராக்காமல், கொஞ்சம் குறைவாகச் சுருக்கி, இரண்டு நாள் ஆனாலும் ஆகட்டும் என்று ஏற்றியிருக்கலாம். அதைச் செய்யாமல் லேபிள் எழுத்தைச் சரிசெய்வதுபோல் கடிகாரத்தைச் சரிசெய்ய உட்கார்ந்துவிட்டேன். முந்தின கட்டங்களில் தெளிவாக இருந்த எண்களை வெட்டி எடுத்து, நொடிக்கு அறுபது படம் வீதம் இருநூற்று நாற்பது படங்களில் ஒவ்வொன்றாக ஒட்டினேன். மூலப் பதிவைப் பக்கத்தில் ஓடவிட்டு, ஓர் எண்கூடத் தப்பாமல் பார்த்துப் பார்த்து வைத்தேன். காலையில் வேலைக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் என்று நான்கு நாள் ஆயிற்று. முடிந்ததும் லேபிளை அச்சுக்கு அனுப்பிய திருப்தி. அவளிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, இது என் பக்கத்து வேலைதானே என்று நினைத்தேன்.

அது ஆடிப்பெருக்கு நெருங்கும் நேரம். அன்றைக்குத்தான் எங்கள் ஊரில் அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவார்கள். சீசன் வேலை வீட்டுக்கும் வந்துவிட்டது, சாமி படங்கள் டிஸ்க்கை அடைத்தன. அச்சான வேலையின் பழைய கோப்பை யார் வைத்துக்கொண்டிருப்பார்கள்? வீடியோவை ஏற்றியாயிற்று, மூலப் பதிவை அழித்துவிட்டேன்.

ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. நான் அச்சகத்திலிருந்து வரும்போது அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். படத்தில் மற்றதெல்லாம் கலங்கியிருக்க, கடைசியில் கடிகாரம் மட்டும் கத்தி போல் தெளிவாக இருக்கிறது, அதை யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று அந்தச் சரிபார்ப்பவர் எழுதியிருந்தார். மூலப் பதிவை அனுப்பினால் பரிசீலிப்பார், இல்லாவிட்டால் இந்த ஓட்டத்தை ஏற்க முடியாது.

"ஒரிஜினலை அனுப்பிருங்க. நம்ம மேல என்ன தப்பு இருக்கு" என்றாள் அவள். அதை அவ்வளவு நம்பிக்கையோடு சொன்னாள்.

நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கடிகாரத்தைச் சரிசெய்ததையும் சொன்னேன், அழித்ததையும் சொன்னேன். ஓர் எண்ணைக்கூட மாற்றவில்லை, உள்ளதைத்தான் தெளிவாக்கினேன் என்று இரண்டு தடவை சொன்னேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, அதோடு போயிருக்கும்.

"நான் ஓடுனது நெசம். நீங்க அதப் பொய் மாதிரி ஆக்கிப்புட்டீக" என்றாள். பிறகு எழுந்துபோய்த் தோசை ஊற்றினாள். ஒரு வாரம் எங்கள் வீட்டில் தோசை, சட்னி, சாவி ஆகியவை தவிர வேறு பேச்சு இல்லை.

முதலில் எனக்கு வந்தது கோபம்தான். மங்கலாக விட்டிருந்தால் நம்பியிருப்பாராம், தெளிவாக்கியதால் நம்ப மாட்டாராம், இது என்ன நியாயம் என்று அச்சகத்தில் எல்லோரிடமும் பொருமினேன். மெஷின்மேன் நிதானமாகக் கேட்டுவிட்டு, இப்படியே அச்சடிக்கலாம் என்று வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரித் தாளில் அவருடைய கையெழுத்து மங்கலாக இருந்தால் அதையும் திருத்துவாயா என்று கேட்டார். மாட்டேன். மறுநாளே சரிபார்ப்பவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். என் தொழில் இது, என் கைப்பழக்கம் இது, தவறு முழுக்க என்னுடையது, ஓடியவர் நேர்மையானவர் என்று தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன். அவர் மரியாதையாகவே பதில் போட்டார். நான் சொல்வதை அவர் நம்புகிறாராம், ஆனால் நம்பிக்கையைப் பட்டியலில் ஏற்ற வழியில்லையாம். இன்னொரு ஓட்டத்தை எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாமாம்.

அவள் அனுப்பினாள். தீபாவளி கழிந்து, பொங்கலும் கழிந்து, மாசி மாதம்தான் அது நடந்தது. அதுவரை ஞாயிறுதோறும் ஓடினாள். ஏழாவது கட்டத்துத் தாவல் அதற்குப் பிறகு அப்படி அமையவே இல்லை. பதிவதையும் சுருக்குவதையும் இதற்குள் அவளே கற்றுக்கொண்டாள். என்னைப் பக்கத்தில் உட்கார அனுமதித்தாள், மௌஸைத் தொட அனுமதிக்கவில்லை. கடைசி நொடிகளில் பொறி கொட்டும்போது படம் லேசாகக் கலங்கியது. கடிகாரமும் கலங்கியது, ஆனாலும் படிக்க முடிந்தது. பதினொன்று ஐம்பத்தொன்று. எனக்கு விரல் ஊறியது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றே நாளில் ஏற்றுக்கொண்டார்கள். சாத்தூர் வெள்ளரி, ஒன்பதாம் இடம், பக்கத்தில் நம் நாட்டுக் கொடி. அவள் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். முகத்தில் சந்தோஷம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் விரல் ஒன்பதாம் வரியில் நிற்காமல் மெல்ல மேலே போய் மூன்றாம் வரியில் நின்றது. அங்கே அதே ஆள், அதே பதினொன்று நாற்பத்து நான்கு.

"இவரு எனக்கு ரெண்டு செகண்டு பின்னாலதாங்க வந்தாரு. அவருக்கு இது தெரியவே தெரியாது" என்றாள்.

குறையாகச் சொல்லவில்லை. அந்த ஆளை நினைத்து வியந்துதான் சொன்னாள். உலகத்தில் அதைக் கண்ணால் பார்த்த இன்னொருவன் நான்தான். என்னிடம் காட்டுவதற்கு ஒன்றுமில்லை.